வண்டி ஏன் நின்றது?

உரைநடை உலகம்

நுழையும்முன்

பல குடும்பங்களில் இருசக்கர வண்டியே நாள்தோறும் சோறு போடும் கருவி. அது நடுவழியில் நின்றுவிட்டால் அன்றைய வேலையும் நின்றுவிடும். அப்போது எதையேனும் கழற்றிப் பார்க்கக் கை பரபரக்கும். ஆனால் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அவை எவை என்பதை இப்பாடத்தின் வாயிலாக அறிவோம்.

ஜோகுபாளையத்தில் ஒரு வீடு

பெங்களூரில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே அமைந்துள்ள பகுதி ஜோகுபாளையம். அங்குக் குறுகிய தெரு ஒன்றில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தந்தை தச்சர். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். வைட்ஃபீல்டில் எழும் கட்டடங்களுக்குக் கதவும் சன்னலும் பொருத்துவது அவர் வேலை. காலை எட்டு மணிக்குள் வேலையிடத்தை அடையாவிட்டால் அரைநாள் கூலி போய்விடும். மகள் எட்டாம் வகுப்பில் பயில்பவள்.

தந்தையின் மோட்டார் சைக்கிளுக்கு வயது பதினைந்து. மழைக்காலம் தொடங்கிய சில நாள்களில் அது தொல்லை தரலாயிற்று. புறப்படும்போது நன்றாகவே ஓடும். பழைய மதராஸ் சாலையில் சில கிலோமீட்டர் சென்றதும் திணறும், பிறகு நின்றுவிடும். கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் உயிர் பெறாது. கால்மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால், ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். சிறிது தொலைவு சென்று திரும்பவும் நிற்கும். ஒரே வாரத்தில் மூன்று அரைநாள் கூலி போயிற்று.

பழுது பார்க்கும் கடையொன்றில் காட்டினார். "கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்" என்றார்கள். அதற்கு ஆகும் செலவு மூன்று நாள் கூலிக்கும் மேல். பக்கத்து வீட்டுக்காரரோ, "பிளக் கெட்டிருக்கும்" என்றார். தந்தை புதிய பிளக் வாங்கிப் பொருத்தினார். மறுநாளும் வண்டி நின்றது.

அன்றிரவு மகள் கேட்டாள்: "அப்பா, இன்று வண்டி எங்கே நின்றது?"

"டின் ஃபேக்டரி அருகில், கண்ணு."

"நேற்று?"

"அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது."

"ஒவ்வொரு நாளும் வேறு வேறு தொலைவில் நிற்கிறது என்றால், அதற்கு ஏதேனும் காரணம் இருக்குமல்லவா? எழுதி வைத்துப் பார்ப்போமா, அப்பா?"

அன்று முதல் ஒரு பழைய குறிப்பேடு வண்டிக்கென்று ஒதுக்கப்பட்டது. அதில் எழுதியவற்றைக் காணுமுன், பழி சுமத்தப்பட்ட கார்புரேட்டர் என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வோம்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

பெட்ரோல் நீர்மமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் சரியாக எரியாது. அது நுண்துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலக்க வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று தேவை. பெட்ரோலையும் காற்றையும் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவதே கார்புரேட்டரின் பணி.

டேங்கில் உள்ள பெட்ரோல் தன் எடையால் குழாய் வழியே கீழிறங்குகிறது; கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் சேர்கிறது. அக்கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. நம் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்ததும் மிதவை மேலெழுந்து நீர்வரத்தை அடைக்கிறதன்றோ? கார்புரேட்டர் மிதவையும் அவ்வாறே ஓர் ஊசி வால்வை மேலே தள்ளிப் பெட்ரோல் வரத்தை அடைக்கிறது. கிண்ணத்தில் அளவு குறைந்ததும் மீண்டும் திறக்கிறது.

எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது, அக்காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே விரைந்து செல்கிறது. குறுகிய வழியில் காற்றின் வேகம் கூடும். அங்கே அழுத்தம் குறையும். பாய்மத்தின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இத்தொடர்பை டேனியல் பெர்னூலி என்னும் அறிஞர் 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குறுகிய கழுத்துக்கு இத்தாலிய அறிஞர் வெஞ்சூரியின் பெயர் வழங்குகிறது. அழுத்தம் குறைந்த அவ்விடத்தை நோக்கிக் கிண்ணத்துப் பெட்ரோல் மேலெழுகிறது. 'ஜெட்' எனப்படும் பித்தளைச் சிறுதுளையின் வழியே வெளிவந்து காற்றில் சிதறுகிறது. வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் தர ஒரு ஜெட்டும், விரைந்து ஓடும்போது தர மற்றொரு ஜெட்டும் உண்டு.

ஆகவே கிண்ணத்திற்குப் பெட்ரோல் வந்தால்தான் கார்புரேட்டர் வேலை செய்ய இயலும். வராவிட்டால் அதனைக் குறை கூறிப் பயனில்லை.

குறிப்பேடு சொன்ன செய்தி

மகள் எழுதி வைத்த நான்கு நாள் குறிப்புகள் இவை:

திங்கள்: டேங்கில் பெட்ரோல் பாதி. மழை உண்டு. நான்கு கிலோமீட்டரில் நின்றது.
செவ்வாய்: பாதிக்குச் சற்றுக் குறைவு. மழை இல்லை. நாலரைக் கிலோமீட்டரில் நின்றது.
புதன்: கால்பங்கிற்குச் சற்று மேல். மழை உண்டு. ஐந்தரைக் கிலோமீட்டரில் நின்றது.
வியாழன்: புறப்படும்போது டேங்க் நிரப்பப்பட்டது. மழை இல்லை. இரண்டு கிலோமீட்டரில் நின்றது.

தந்தையும் மகளும் அதனை மீண்டும் மீண்டும் படித்தனர். மழை பெய்த நாளிலும் நின்றது. பெய்யாத நாளிலும் நின்றது. ஆகவே மழைநீர் பிளக்கில் பட்டதால் நிற்கவில்லை. எஞ்சின் சூடேறியதால் நின்றிருக்குமானால், நாள்தோறும் ஏறத்தாழ ஒரே தொலைவில் நின்றிருக்க வேண்டும். அவ்வாறும் இல்லை.

வியப்பூட்டிய செய்தி ஒன்றுதான். டேங்க் நிறைந்திருந்த நாளில் வண்டி மிக விரைவாக நின்றது. பெட்ரோல் குறையக் குறைய நெடுந்தொலைவு ஓடியது. பெட்ரோல் நிறைய இருக்கும்போது அது கிடைக்காமற்போவது எப்படி?

"அப்பா, இந்தத் தொல்லை தொடங்குவதற்கு முன் வண்டியில் எதையாவது மாற்றினீர்களா?"

"எதையும் மாற்றவில்லையே! மழைநீர் டேங்கில் இறங்குகிறதென்று மூடியின்மேல் ஒட்டுநாடா ஒட்டினேன். அவ்வளவுதான்."

மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நாளை வண்டி நின்றால் வேறு எதையும் தொடாதீர்கள், அப்பா. டேங்க் மூடியை மட்டும் திறந்து மூடிப் பாருங்கள்" என்றாள்.

மூடியின் மேல் இருந்த விடை

வெள்ளிக்கிழமை காலை வண்டி நின்றது. சாவியை அணைத்துவிட்டுத் தந்தை டேங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்ற ஓசையுடன் காற்று உள்ளே புகுந்தது. மூடியை மூடி, சிறிது பொறுத்துக் கிக்கரை உதைத்தார். மூன்றாம் உதையில் எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஒட்டுநாடாவை உரித்தெறிந்தார். அன்று வைட்ஃபீல்டு வரை வண்டி எங்கும் நிற்கவில்லை.

இதன் காரணத்தை ஓர் எண்ணெய் டின் விளக்கும். கடைக்காரர் டின்னில் ஒரு துளை மட்டும் இட்டால் எண்ணெய் திணறித் திணறி விழும், பின் நின்றுவிடும். எதிர்ப்புறம் மற்றொரு துளை இட்டதும் தாராளமாக ஒழுகும். முதல் துளை எண்ணெய் வெளியேற; இரண்டாம் துளை காற்று உள்ளே செல்ல.

பெட்ரோல் டேங்கின் மூடியிலும் அத்தகைய காற்றுத்துளை உண்டு. வெளியேறும் பெட்ரோலின் இடத்தை அதன்வழி வரும் காற்று நிரப்புகிறது. அத்துளையை ஒட்டுநாடா அடைத்துவிட்டது. எனவே டேங்கினுள் காற்றழுத்தம் குறைந்தது; பெட்ரோல் இறங்க மறுத்தது; கிண்ணம் வறண்டது; வண்டி நின்றது. கால்மணி நேரத்தில் எங்கேனும் சிறிதளவு காற்றுக் கசிந்து உள்ளே சென்றதும் மீண்டும் ஓடியது.

டேங்க் நிறைந்திருந்தபோது உள்ளே இருந்த காற்றின் அளவு மிகக் குறைவு. சிறிதளவு பெட்ரோல் வெளியேறினாலே அக்காற்றின் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். டேங்க் ஏறக்குறைய வெறுமையாக இருந்தால் உள்ளே காற்று நிறைய இருக்கும்; அழுத்தம் குறையக் காலம் பிடிக்கும். குறிப்பேட்டின் புதிர் இவ்வாறு அவிழ்ந்தது.

மழைநீர் இறங்கும் குறை மட்டும் எஞ்சியிருந்தது. மூடியின் உட்புறத்திலிருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது, அதனை மாற்றினார். டேங்கில் ஏற்கெனவே இறங்கிய நீர், பெட்ரோலைவிட எடை மிகுந்ததாகையால், அடியில் தங்கியிருக்கும். மெக்கானிக் ஒருவர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி அங்குச் சேர்ந்திருந்த நீரை வெளியேற்றினார். கார்புரேட்டர் மாற்றப்படவில்லை.

எளியதிலிருந்து அரியதற்கு

எஞ்சின் ஓடப் பெட்ரோல், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். வண்டி நின்றால் இம்மூன்றில் எது வரவில்லை என்று பார்க்க வேண்டும். கழற்றாமல் காணக்கூடியவற்றை முதலில் காண்க. கழற்ற வேண்டியவற்றை இறுதிக்கு வைக்க.

1. டேங்கில் பெட்ரோல் உள்ளதா? பெட்ரோல் காக் திறந்த நிலையில் உள்ளதா?
2. மூடியின் காற்றுத்துளை அடைபட்டுள்ளதா?
3. பெட்ரோல் குழாய் மடங்கியோ வெடித்தோ உள்ளதா? வடிகட்டியில் துரு சேர்ந்துள்ளதா?
4. காற்று வடிகட்டியில் தூசு அடைந்துள்ளதா?
5. பிளக்கின் முனை எந்நிறத்தில் உள்ளது? தீப்பொறி வருகிறதா?
6. இவையனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கை ஒருசேர மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் எதனால் ஓடியது என்பது தெரியாது. மீண்டும் நிற்கும்போது முதலிலிருந்து தொடங்க நேரும்.

அறிகுறியும் காரணமும்

குளிர்ந்த காலையில் சோக் இழுத்தால் வண்டி எளிதில் கிளம்புவது இயல்பு. ஆனால் எஞ்சின் சூடேறிய பின்னும் சோக் இழுத்தால்தான் ஓடும் எனில், பெட்ரோல் போதிய அளவு வரவில்லை என்பது பொருள். மெதுவோட்டத்திற்கு உரிய ஜெட் அடைபட்டிருக்கலாம். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் வெடித்து, அதன்வழி காற்று மிகுதியாகப் புகுவதாலும் இவ்வாறு நேரும்.

கரும்புகையும் பெட்ரோல் நாற்றமும் வந்தால் பெட்ரோல் மிகுந்துள்ளது அல்லது காற்றுக் குறைந்துள்ளது. காற்று வடிகட்டியின் அடைப்போ, மூடியே நிற்கும் சோக்கோ காரணமாகலாம்.

நிறுத்திய வண்டியின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் மிதவையைச் சோதிக்க வேண்டும். ஊசி வால்வில் தூசு சிக்கியிருக்கலாம். மிதவையில் துளை விழுந்திருக்கலாம்.

பிளக் முனையின் நிறமும் செய்தி சொல்லும். இளம்பழுப்பு எனில் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வந்தும் எரியவில்லை என்று பொருள்.

அடைபட்ட ஜெட்டைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தலாகாது. பித்தளை மென்மையானது, துளை சிறிதளவு அகன்றாலும் கலவையின் அளவு மாறிவிடும். அதற்குரிய நீர்மத்தால் கழுவிக் காற்றை ஊதித் தூய்மை செய்வதே முறை.

தெரிந்து தெளிவோம்

கடற்கரை நகரமான சென்னையில் காற்று அடர்த்தி மிகுந்தது. பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியச் சென்னையில் ஏறத்தாழ 9000 லிட்டர் காற்றுப் போதும் எனில், பெங்களூரில் ஏறத்தாழ 10000 லிட்டர் வேண்டும். எனவே சென்னையில் சீரமைத்த கார்புரேட்டர் வண்டி இங்கு வந்தால் சற்று மிகுதியாகப் பெட்ரோல் குடிக்கும். ஊர் மாறி வந்த வண்டியையும் புதிய ஊரின் காற்றுக்கு ஏற்பச் சீரமைக்க வேண்டும்.

எச்சரிக்கை

மாணவர்களே, உற்றுநோக்குவதும் குறித்து வைப்பதும் உங்கள் வேலை. பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரையும் கழற்றுவது பெரியவர் வேலை. பெட்ரோல் மிகக் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். ஆகவே மூடிய அறையிலோ, அடுப்பும் விளக்கும் எரியும் இடத்திற்கு அருகிலோ டேங்கைத் திறக்கலாகாது. குழாயில் வாய்வைத்துப் பெட்ரோலை உறிஞ்சுதல் உயிருக்கே கேடு.

இன்றைய வண்டிகள்

தமிழ்நாட்டிற்கும் இருசக்கர வண்டிக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, புல்லட் வண்டிகளை உருவாக்கியது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. அவையெல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி பெற்றுவிட்டது. காற்றின் அளவை உணர்ந்து அது தானே பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

ஆயினும் பழைய வண்டிகள் இன்னும் பல வீடுகளில் உழைக்கின்றன. இக்காலப் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. எனவே பழைய வண்டியைப் பல மாதம் ஓட்டாமல் வைத்திருப்பதாயின், கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

ஜோகுபாளையத்து வீட்டில் அந்தக் குறிப்பேடு இன்னும் இருக்கிறது. சென்ற வாரம் வண்டியின் ஹாரன் ஒலிக்கவில்லை. தந்தை திருகாணி முடுக்கியைத் தேடவில்லை, எழுதுகோலைத் தேடினார்.

சொல்லும் பொருளும்

பாய்மம் – நீரும் காற்றும் போல் பாய்ந்து செல்லும் பொருள்
மிதவை – நீர்மத்தின் மேல் மிதக்கும் உறுப்பு
அடர்த்தி – குறிப்பிட்ட இடத்தில் அடங்கியுள்ள பொருளின் செறிவு
அறிகுறி – ஒன்றை உணர்த்தும் அடையாளம்
அரியது – கடினமானது
நாற்றம் – மணம். இக்காலத்தில் பெரும்பாலும் தீய மணத்தைக் குறிக்கும்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கார்புரேட்டர் கிண்ணத்திற்குள் வரும் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்துவது
க) சோக்  ங) மிதவை  ச) பிளக்  ஞ) கிக்கர்

2. பிளக் முனை வெளுத்திருந்தால் அது உணர்த்துவது
க) பெட்ரோல் மிகுதி  ங) சரியான கலவை  ச) பெட்ரோல் குறைவு  ஞ) தீப்பொறி இன்மை

ஆ. குறுவினா

1. எண்ணெய் டின்னில் இரண்டு துளைகள் இடுவது ஏன்?
2. ஜெட்டை ஊசியால் குத்தக்கூடாது என்பதன் காரணம் யாது?
3. மழையே காரணம் அன்று என்று மகள் எவ்வாறு முடிவு செய்தாள்?

இ. சிறுவினா

1. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதை விளக்குக.
2. டேங்க் நிறைந்திருந்த நாளில் வண்டி விரைவில் நின்றது ஏன்?

ஈ. சிந்தனை வினா

வேறொரு வண்டியின் குறிப்பேடு கூறுவது: 'மூடியைத் திறந்து மூடினாலும் ஓடவில்லை. கரும்புகை வருகிறது. பிளக்கில் கரி படிந்துள்ளது. சென்ற வாரம் செங்கல் தூசு நிறைந்த இடத்தில் நாள்தோறும் ஓடியது.' நீங்கள் முதலில் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்? காரணத்துடன் எழுதுக.

உ. கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவிலுள்ள மெக்கானிக் ஒருவரிடம் பேசி, அவர் பயன்படுத்தும் பத்துக் கருவிகளின் பெயர்களைத் தொகுத்து எழுதுக. அவற்றுள் எவை தமிழ், எவை கன்னடம், எவை ஆங்கிலம் எனப் பிரித்துக் காட்டுக.
2. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தைப் படித்து, மருத்துவரின் வேலைக்கும் மெக்கானிக்கின் வேலைக்கும் உள்ள ஒற்றுமையை வகுப்பில் பேசுக.
3. உங்கள் வீட்டில் அடிக்கடி பழுதாகும் பொருள் ஒன்றுக்குக் குறிப்பேடு தொடங்குக. நாள், நேரம், நிகழ்ந்தது, அதற்கு முன் மாறியது ஆகிய நான்கையும் ஒரு வாரம் எழுதி வருக.